டாஃபடிலை வெட்டலாமா? தாராளமா வெட்டலாம்!

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்த தோழி, சாப்பாட்டு மேசை மேல இருந்த டாஃபடில் பூவைப் பார்த்தா. பார்த்ததும், "ஐயையோ, தோட்டத்துல இருந்ததையா வெட்டிட்டே? செடியிலயே விட்டிருந்தா இன்னும் எவ்வளவு நாள் நின்னிருக்கும்! பாவம்டி"ன்னு சொன்னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு.

பதில் சொல்ல ஆரம்பிச்சேன். டீ ஆறிப்போச்சு, அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் பாதிகூட சொல்லி முடிக்கலை. மீதியை இங்க எழுதறேன். (அவ இதைப் படிப்பா. படிக்கணும்.)

முதல்ல ஒரு கேள்வி. மார்ச் முதல் வாரத்துல, இங்கிலாந்துல, தோட்டத்துல போய் யாருங்க உக்காருவாங்க?

வெளிய அஞ்சு டிகிரி. விட்டு விட்டுச் சாரல். எங்க குராய்டன் பக்கம் மண்ணு சுத்தமான களிமண், ஒரு அடி வெச்சா செருப்போட சேர்ந்து வரும். பிப்ரவரி முழுக்க வேலைக்குக் கிளம்பும்போதும் அரையிருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு. அந்தப் பூ யாருக்காகப் பூத்து யார் பார்க்கறது? சமையலறை ஜன்னல் வழியா தூரத்துல மஞ்சளா ஏதோ ஆடுறது தெரியும், அவ்வளவுதான். ஒரு ராத்திரி பலமா காத்தடிச்சா தண்டு பாதியில மடிஞ்சு, பூ முகம் குப்புற மண்ணுல கிடக்கும். மறுநாள் காலைல போய்ப் பார்த்தா ஓடில்லாத நத்தைங்க இதழைச் சல்லடையா தின்னு வெச்சிருக்கும். (டாஃபடில் கிழங்கை அணில் தொடாது, எலி தொடாது. இந்த நத்தைக்கு மட்டும் பூ இனிக்குது.)

அதே பூ மேசை மேல இருக்கட்டும், கிட்ட உக்காந்து பாருங்க. நடுவுல இருக்கற குழலோட விளிம்பு பூரா பொடிப் பொடியா சுருக்கம் இருக்கும். உள்ள எட்டிப் பார்த்தா ஆறு மகரந்தத் தண்டு வட்டமா நிக்கும், நடுவுல ஒண்ணு மட்டும் கொஞ்சம் ஒசரமா. பின்னாடி, காம்பு வளையற இடத்துல, காய்ஞ்ச வெங்காயத்தோல் மாதிரி ஒரு சருகு உறை ஒட்டிக்கிட்டிருக்கும். மொட்டா இருந்தப்போ பூவைப் பொத்தி வெச்சிருந்தது அதுதான். குனிஞ்சு மோந்தா லேசா ஒரு பச்சை வாசனை. இத்தனை வருஷம் தோட்டத்துல டாஃபடில் இருந்தும், அதுக்கு வாசனை உண்டுன்னு எனக்குத் தெரிஞ்சது வீட்டுக்குள்ள கொண்டுவந்த பிறகுதான்.

செடியில இருந்தா கூட நாள் நிக்கும்கிறது உண்மைதான். குளிர்ல ரெண்டு மூணு வாரம்கூட நிக்கும். வீட்டுக்குள்ள அஞ்சாறு நாள், நல்லா பார்த்துக்கிட்டா ஒரு வாரம். ஆனா அந்த ஒரு வாரம் முழுக்க நான் அதைப் பார்க்கிறேன்!

"வெட்டினா செடிக்கு வலிக்காதா, கிழங்கு கெட்டுப்போகாதா"ன்னும் தோழி அன்னிக்குக் கேட்டா, அதுக்கு வரேன். இதுதான் ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம்.

டாஃபடிலுக்கு இலை வேற, பூத்தண்டு வேற. ரெண்டும் தனித்தனியா கிழங்குல இருந்து மண்ணைப் பொளந்துக்கிட்டு வரும். பூத்தண்டுல ஒரு இலைகூட இருக்காது. அடுத்த வருஷத்துப் பூவுக்குக் கிழங்குல சத்துச் சேர்த்து வைக்கறது இலையோட வேலை. அதனால பூவை வெட்டினா கிழங்குக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உண்மையைச் சொன்னா லாபம்! செடியிலயே விட்டா பூ வாடி, காய் பிடிச்சு, விதை கட்டறதுல கிழங்கோட சத்து வீணாகும். வாடின பூவைக் கிள்ளி எறியுங்கன்னு எல்லா தோட்டக்காரங்களும் சொல்றது அதுக்குத்தான். நான் வாடறதுக்கு முன்னாடியே கிள்ளி மேசையில வைக்கிறேன்.

துலிப் கதை வேற. துலிப்புக்குத் தண்டுலயேதான் இலை. நீளமா தண்டோட வெட்டினா இலையும் போச்சு, கிழங்கு மெலிஞ்சிரும், அடுத்த வருஷம் சந்தேகம்தான். ஜாடியில வைக்கறதுக்குன்னே துலிப் நடறவங்க அதை ஒரு வருஷப் பயிராத்தான் கணக்கு வைக்கிறாங்க. தோழி, நீ பாவப்படறதா இருந்தா துலிப்புக்குப் பாவப்படு. டாஃபடிலுக்கு வேண்டாம்.

சரி, எப்போ வெட்டணும்?

இங்க எனக்கு ஒரு பெருமை உண்டு. நான் நிலக்கோட்டைப் பக்கம் பிறந்தவ. மல்லிகைத் தோட்டத்துல விடிகாலைல போய் மொட்டுப் பறிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவ. விரிஞ்ச மல்லிகையை எவனும் சந்தைக்குக் கொண்டு போகமாட்டான். நல்லா வெளுத்துத் திரண்ட மொட்டு, அன்னிக்குச் சாயங்காலம் விரியப்போற மொட்டு, அதைத்தான் பறிக்கணும். காலைல பறிச்சு, சந்தை போய், சரமாகி, சாயங்காலம் தலையில ஏறின பிறகு விரியணும்.

டாஃபடிலுக்கும் அதே சட்டம்தான். மொட்டு முதல்ல வானத்தைப் பார்த்து நெட்டுக்குத்தா நிக்கும். அப்புறம் மெதுவா கழுத்தை வளைச்சுப் பக்கவாட்டுல திரும்பும். அந்தச் சருகு உறை கிழிஞ்சு உள்ள மஞ்சள் தெரியும். அதுதான் நேரம். இங்க தோட்டக்காரங்க அந்தப் பருவத்துக்கு வாத்துக்கழுத்துன்னு பேர் வெச்சிருக்காங்க. அந்த நிலைமைல வெட்டிக் கொண்டு வந்து தண்ணில வெச்சா, ராத்திரி மூடியிருந்தது காலைல காபி போட வரும்போது முழுசா விரிஞ்சிருக்கும். முழுக்க விரிஞ்சதை வெட்டினா பாதி ஆயுசு செடியிலயே தீர்ந்து போயிருக்கும்.

அடுத்தது, கத்தரி. டாஃபடிலுக்கு அதுவே வேண்டாம். தண்டோட அடி வரைக்கும் விரலை விட்டு ஒரு திருகு திருகி இழுத்தா சட்டுன்னு ஒடிஞ்சு வந்துரும். கார்ன்வால்ல வயல் வயலா டாஃபடில் பறிக்கிற ஆளுங்களும் கையாலதான் பறிக்கிறாங்க. ஆனா கையுறை போட்டுக்கோங்க. ஒடிச்ச இடத்துல வழவழன்னு ஒரு நீர் ஒழுகும். அதுல கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் இருக்கு. (நம்ம சேனைக்கிழங்கு வெட்டினா கை அரிக்குதே, அதுவும் இதேதான்.) நாள் பூரா பறிக்கிறவங்களுக்கு விரலிடுக்கெல்லாம் வெடிச்சுப் புண்ணாயிரும். அதுக்கு டாஃபடில் அரிப்புன்னே பேர். நாம நாலு தண்டு பறிக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனாலும் மென்மையான தோல் இருக்கறவங்க ஜாக்கிரதை.

அந்த வழவழ நீரால இன்னொரு வம்பு இருக்கு. டாஃபடிலை ஒடிச்ச கையோட துலிப்பையும் மத்த பூவையும் ஒரே ஜாடியில போட்டீங்கன்னா, மத்ததெல்லாம் சீக்கிரம் தலை தொங்கிரும். இதை நம்பாம நானே வெச்சுப் பார்த்தேன். ஒரே நாள் வாங்கின துலிப், ஒரே அளவு தண்ணி, ஒரே அலமாரி. ஒண்ணு தனியா, ஒண்ணு டாஃபடிலோட. டாஃபடிலோட இருந்த துலிப் இலை முதல்ல மஞ்சளாச்சு, அப்புறம் பூ தளர்ந்துச்சு. தனியா இருந்தது அப்பவும் தெம்பா நின்னுச்சு.

சேர்த்து வைக்கணும்னு ஆசையா இருந்தா வழி இருக்கு. டாஃபடிலை மட்டும் தனியா ஒரு வாளித் தண்ணில ராத்திரி முழுக்க வைங்க. ஒழுக வேண்டியதெல்லாம் ஒழுகிரும். காலைல அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, மத்த பூவோட சேருங்க. முக்கியமா, சேர்க்கும்போது மறுபடியும் காம்பை வெட்டக் கூடாது. வெட்டினா மறுபடியும் ஒழுக ஆரம்பிச்சிரும்.

தண்ணில என்ன போடறதுன்னு எல்லாரும் ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. நான் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பார்த்துட்டேன்.

சர்க்கரை மட்டும் போட்டா ரெண்டே நாள்ல தண்ணி கலங்கி நாறும். பூவுக்கு முன்னாடி கிருமி சாப்பிட்டுரும். கடையில பூக்கட்டோட தர்ற பொட்டலத்துல சர்க்கரை கூடவே கொஞ்சம் புளிப்பும் கிருமிநாசினியும் சேர்ந்திருக்கும், அதனால அது வேலை செய்யுது. அப்புறம் செப்புக் காசு. துலிப் தண்ணில ஒரு பென்னி போட்டா நிமிர்ந்து நிக்கும்னு பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி சொன்னாங்க. 1992ல இருந்து இங்க அடிச்ச பென்னி எஃகுதான், மேலே செப்புப் பூச்சு மட்டும். பழைய காசு, புதுக் காசு ரெண்டையும் போட்டுப் பார்த்தேன். ரெண்டு ஜாடிக்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியலை. துலிப் வளையறதுக்குக் காரணமே வேற: வெட்டின பிறகும் அது ஜாடியில வளர்ந்துக்கிட்டே இருக்கும், வெளிச்சம் இருக்கற பக்கம் சாயும். எனக்கு அந்தச் சாய்வு ரொம்பப் பிடிக்கும். காசு போட்டு நிமிர்த்தணும்னே தோணலை.

என் முடிவு என்னன்னா, தினம் தண்ணியை மாத்துங்க. அவ்வளவுதான். டாஃபடிலுக்கும் துலிப்புக்கும் நிறைய தண்ணிகூட வேண்டாம், நாலு விரக்கடை உயரம் போதும். காம்பு சதைப்பத்தா இருக்கறதால ஆழமான தண்ணில அழுகிரும்.

அதைவிட முக்கியம் சூடு. இந்த ஊர் வீடுகள்ல ரேடியேட்டரைக் கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழதான் வெச்சிருப்பாங்க. நாமளும் பூ ஜாடியை ஜன்னல் திண்டுலதான் வைப்போம். கீழ அனல், மேல பூ. எப்படித் தாங்கும்? நான் ராத்திரி படுக்கப் போகும்போது ஜாடியைத் தூக்கி வாசப்பக்கம் செருப்பு வைக்கிற இடத்துல வெச்சிருவேன். அங்க ஹீட்டர் கிடையாது. காலைல திரும்ப உள்ள. வீட்டுல இருக்கறவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க, பார்க்கட்டும். பூ கூடுதலா ரெண்டு நாள் நிக்குது. அப்புறம், பழக்கூடை பக்கத்துலயும் வைக்காதீங்க. பழுக்கிற வாழைப்பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயு பூவையும் சேர்த்து முதிர வெச்சிரும்.

அம்மா ஒரு தடவை மார்ச் மாசம் வந்திருந்தாங்க. அவங்களுக்கு இந்த ஃபிளவர் வாஸே புரியலை. பூன்னா சாமிக்கு, இல்லேன்னா தலைக்கு. நம்ம கை பூவோட தலையைத்தான் தேடும். காம்பு எதுக்கு? முழத்துல அளந்து வாங்கி, சரமாத் தொடுத்துப் பழகின ஊரு. மேசை நடுவுல நீளக் காம்போட, தண்ணிக்குள்ள, யாருக்கும் சூட்டாம ஒரு பூ சும்மா நிக்கறது அவங்க பார்வைக்குப் புதுசு.

ஒரு நாள் காலைல நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள, விரிஞ்ச டாஃபடில் தலையெல்லாம் கழுத்தோட கிள்ளி முருகன் படத்துக்கு வெச்சிருந்தாங்க. பார்க்க என்னமோ ஜொலிஜொலின்னுதான் இருந்துச்சு. மதியத்துக்குள்ள துவண்டு போச்சு. மல்லிகையும் செவ்வந்தியும் தண்ணியில்லாம ஒரு நாள் தாங்கும். இது அடிலேருந்து நுனி வரைக்கும் தண்ணியை நம்பி வாழற பூ. அம்மாவுக்கே மனசு கேக்கலை. "ஏண்டி, இவ்வளவு நீளக் காம்போட சாமிக்கு எப்படி வெக்கறது?"ன்னு கேட்டாங்க.

ரெண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர் எடுத்தேன். காம்பை அரையடிக்கு வெட்டி, டம்ளர் தண்ணில ஒரு டம்ளருக்கு மூணு பூ. முருகனுக்கு வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. அம்மா ஊருக்குக் கிளம்பற வரைக்கும் தினம் அவங்களே தண்ணி மாத்தினாங்க. இப்பவும் எங்க சாமி அலமாரில பங்குனி மாசம் பூரா டம்ளர் டாஃபடில்தான். இங்க லண்டன் டூட்டிங் கடைல வர்ற மல்லிகைச் சரத்துக்கு விமானச் செலவையும் சேர்த்துக் குடுக்கணும். வீட்டுத் தோட்டத்துல பூக்கறதைக் குடுத்தா முருகன் கோச்சுக்கவா போறாரு?

இப்ப ஹெலிபோர். (எனக்கு இந்த வருஷம் பிடிச்சிருக்கற பைத்தியம் இதுதான்.)

கிறிஸ்தவங்களோட தவக்காலத்துல பூக்கறதால இதை லெண்டன் ரோஸ்னு சொல்றாங்க. ரோஜாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜனவரி கடைசில இருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே பூக்கும். நேரா நின்னு பார்த்தா முதுகுதான் தெரியும். தாடையைப் பிடிச்சுத் தூக்கிப் பார்த்தாத்தான் உள்ள இருக்கற அழகு தெரியும். வெளிர் ரோஸ்ல, பச்சை கலந்த வெள்ளைல, கிட்டத்தட்ட கறுப்புன்னு சொல்ற அளவு அடர்ந்த கத்திரிப்பூ நிறத்துல. சிலதுல உள்ள முழுக்கப் பொடிப் பொடியா சிவப்புப் புள்ளி, நடுவுக்குப் போகப் போக நெருக்கமா. இதழ்னு நாம நினைக்கறது இதழே இல்லை, புல்லிவட்டம். அதனாலதான் மாசக்கணக்குல உதிராம நிக்குது.

இந்தப் பூவை வெட்டினா ஒரு மணி நேரத்துல மயக்கம் போட்டு விழும்னு எல்லாரும் சொல்லுவாங்க. விழும்தான், இளசா வெட்டினா! பூவுக்கு நடுவுல மகரந்தக் கொத்து புசுபுசுன்னு இருந்தா அது இளசு, தொடாதீங்க. மகரந்தமெல்லாம் கொட்டிப்போய், நடுவுல குட்டிக் குட்டியா விதைப்பை புடைக்க ஆரம்பிச்சிருந்தா அதை வெட்டலாம். இங்க மட்டும் மொட்டுச் சட்டம் செல்லாது, முத்தினதுதான் நிக்கும். வெட்டின காம்பு நுனியை மட்டும் கொதிக்கிற தண்ணில ஒரு இருபது முப்பது நொடி முக்கி (ஆவி பூ மேல படாம சாய்ச்சுப் பிடிச்சுக்கோங்க), உடனே கழுத்தளவு குளிர்ந்த தண்ணில ராத்திரி முழுக்க வைங்க. நிமிர்ந்துரும்.

அந்த மெனக்கெடலும் வேண்டாம்னா, உருளி இருக்கே! தலையை மட்டும் கிள்ளித் தண்ணில மிதக்க விடுங்க. ஆச்சரியம் என்னன்னா, ஹெலிபோரைக் கிண்ணத்துல மிதக்க விடறதுதான் இங்க உள்ள தோட்டக்காரங்களுக்கும் வழக்கம். தொங்கற பூவோட முகத்தைப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஊர்ல இருந்து கொண்டு வந்த என் பித்தளை உருளில ஊர்ல நாங்க செம்பருத்தியும் செவ்வந்தியும்தான் போடுவோம். இப்ப அதுல புள்ளி போட்ட ஹெலிபோர் வாயைத் தொறந்துக்கிட்டு மேல பார்த்து மிதக்குது. வர்றவங்க எல்லாரும் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் செருப்பைக் கழட்டுறாங்க.

மத்ததையும் வேகமா சொல்லிடறேன்.

குளிர்கால மல்லிகைன்னு ஒரு செடி இங்க நிறைய வேலியில இருக்கும். இலையே இல்லாத பச்சைக் குச்சியில மஞ்சள் மஞ்சளா பூக்கும். 1844ல ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவுல இருந்து கொண்டு வந்தது. (பின்னாடி சீனத் தேயிலைச் செடியை ரகசியமா இந்தியாவுக்குக் கடத்தினாரே, அதே ஆள்.) மல்லிகை இனமேதான். ஆனா வாசனை கிடையாது. நிலக்கோட்டைக்காரிக்கு இதைவிடப் பெரிய துக்கம் உண்டா? இருந்தாலும் ஜனவரில ரெண்டு குச்சி ஒடிச்சு ஒரு மருந்து பாட்டில்ல வெச்சா, மொட்டெல்லாம் வீட்டுச் சூட்டுல வரிசையா விரியறது நல்லாத்தான் இருக்கு.

வாசனைக்கு நான் நம்பறது ஸ்வீட் பாக்ஸ். பார்க்க ஒண்ணுமே இல்லாத குத்துச்செடி. இலைக்கடியில நூல் நூலா வெள்ளையா ஏதோ இருக்கும், அதுதான் பூ. சாண் அளவு ஒரு கிளை கொண்டு வந்து வைங்க, தேன் வாசனை மாடிப்படி வரைக்கும் ஏறும். வாசல் பக்கத்துல நட்டு வெச்சா, வெட்டாமயே போகும்போதும் வரும்போதும் ஒரு இழுப்பு இழுத்துக்கலாம்.

ஃபார்சித்தியா கிளையைப் பூக்கறதுக்கு முன்னாடியே வெட்டிடணும். மொட்டு முந்தின கோடையிலயே உருவாகிக் கிளையில உறங்கிக்கிட்டிருக்கும். டிசம்பர், ஜனவரிக் குளிர் பட்ட பிறகு அதுக்குத் தேவை சூடு மட்டும்தான். பிப்ரவரி ஆரம்பத்துல வெறுங்குச்சியா வெட்டிட்டு வந்து தண்ணில வெச்சா, ரெண்டு வாரத்துக்குள்ள குச்சி முழுக்கத் தங்க மஞ்சள். வெளிய அதே செடி மார்ச் பாதிக்கு மேலதான் பூக்கும். அடிக்கட்டையைச் சுத்தியலால நசுக்கச் சொல்லுவாங்க, செய்யாதீங்க, தண்ணி ஏறற குழாயே நசுங்கிரும். கூர்மையான கத்தரியால சாய்வா ஒரு வெட்டு போதும். (வில்லியம் ஃபார்சித்னு ஒருத்தர், லண்டன் அரண்மனைத் தோட்டங்களுக்கு மேற்பார்வையாளர். 1804ல இப்ப இருக்கற ராயல் தோட்டக்கலைச் சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். அவர் பேர்தான் செடிக்கு.)

ஸ்னோட்ராப் பூவை மட்டும் நான் யோசிச்சுத்தான் உள்ள கொண்டு வருவேன். வீட்டுக்குள்ள வந்தா சாவு வரும்னு இங்க ஒரு பழைய நம்பிக்கை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அதுல உறுதியான நம்பிக்கை உண்டு. அவங்க டீக்கு வர்ற அன்னிக்கு அதை வெச்சிருக்கற குட்டி பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு வெளிய வெச்சிருவேன். பெரியவங்க மனசு நோகக் கூடாது. ஆனா மத்த நாள்ல அது என் படுக்கை பக்கத்துலதான். அறைச் சூடு பட்டதும் வெளி இதழ் மூணும் இறக்கை விரிக்கும், உள்ள இருக்கற பச்சைக் கோடு தெரியும். அல்சைமர்ஸ் நோய்க்குக் குடுக்கிற காலன்டமைன் மருந்து முதல்ல கிடைச்சது இந்தக் குடும்பத்துப் பூவுல இருந்துதான். டாஃபடில்லயும் அது இருக்கு. வேல்ஸ்ல அதுக்காகவே டாஃபடில் பயிர் பண்றாங்க.

எங்க தெரு முனை வீட்டு முன்வாசல்ல ஒரு மிமோசா மரம். பிப்ரவரில மரமே தெரியாம மஞ்சள் பொடிப்பூ. அந்த வீட்டம்மா போன வாரம் ஒரு கொத்து வெட்டிக் குடுத்தாங்க. இத்தாலில மார்ச் 8 மகளிர் தினத்துக்குப் பொண்ணுங்களுக்கு இந்தப் பூவைக் குடுக்கறது 1946ல இருந்து வழக்கமாம். கையில வாங்கினதும் எனக்கு ஊட்டி ஞாபகம். நம்ம நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் மலைச்சரிவெல்லாம் மஞ்சளா பூக்குதே வாட்டில், அந்தச் சில்வர் வாட்டிலேதான் இது! ஆஸ்திரேலியாவுல இருந்து வெள்ளைக்காரங்க கொண்டு வந்து நட்டது. இன்னிக்குச் சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கி, வெட்டி எடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. அங்க அது வெட்ட வெட்ட நல்லது. இங்க முன்வாசல்ல ஒரே மரமா அடங்கி நிக்குது, அது பாட்டுக்குப் பூக்கட்டும். (ஜாடியில ரெண்டு நாள்ல பொடிப்பொடியா காய்ஞ்சிரும். காய்ஞ்சாலும் நிறம் போகாது.)

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகணும். டாஃபடில், ஸ்னோட்ராப், ஹெலிபோர் மூணுமே விஷம். கிழங்கு, தண்டு, பூ எல்லாமே. ஜாடித் தண்ணியை நாய், பூனை நக்கவிடாதீங்க. குழந்தை இருக்கற வீட்டுல உசரமா வைங்க. மொட்டா இருக்கற டாஃபடில் கட்டு பார்க்க வெங்காயத்தாள் தினுசுல இருக்கறதால, 2015ல இங்க பொது சுகாதாரத் துறை, சூப்பர் மார்க்கெட்ல காய்கறிக்குப் பக்கத்துல டாஃபடிலை வைக்காதீங்கன்னே கடிதம் எழுதுச்சு. கறிக்கூடையில சேர்த்துப் போட்டு வர்றவங்க வீட்டுக்கு வந்ததும் முதல்ல பிரிச்சு வைங்க.

தோட்டம் இல்லாதவங்க என்ன பண்றது?

டெட்டா டெட்னு ஒரு குட்டி டாஃபடில் இருக்கு. கார்ன்வால்ல ஆலெக் கிரேங்கறவர் உருவாக்கினது. சாண் உயரம்தான் வளரும், ஒரே தண்டுல ரெண்டு மூணு பூ. ஜன்னல் திண்டுத் தொட்டியே அதுக்குப் போதும். செப்டம்பர்ல, கிழங்கோட உயரத்தைப் போல ரெண்டு மூணு பங்கு ஆழத்துல நட்டு மறந்துருங்க, பிப்ரவரி கடைசில அதுவே ஞாபகப்படுத்தும். நடலைன்னாலும் பரவாயில்லை. ஜனவரில இருந்து கடையில விக்கிற மொட்டுக் கட்டு கார்ன்வால் வயல்ல இருந்து வர்றது. காதலர் தினத்துக்குக் கென்யாவுல இருந்து விமானம் ஏறி வர்ற ரோஜாவுக்குக் குடுக்கிற காசுல நாலு வீட்டுக்கு டாஃபடில் வாங்கலாம். (நம்ம ஓசூர் ரோஜாவும் பிப்ரவரில இப்படித்தான் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுது. விவசாயிக்கு நல்ல காசு, சந்தோஷம். ஆனா எனக்கு மார்ச் மாசத்துல மார்ச் மாசத்துப் பூதான் வேணும்.)

ஊர்ல இருந்து படிக்கிறவங்க கவலைப்படாதீங்க. உங்களுக்குச் சம்பங்கி இருக்கு. உதிரியா வாங்காம ஒரு தடவை தண்டோட ரெண்டு வாங்கிச் சொம்புத் தண்ணில வெச்சுப் பாருங்க. கீழ இருந்து மேல ஒவ்வொண்ணா விரியும், ராத்திரி வீடே மணக்கும்.

தோழிக்குக் கடைசியா ஒண்ணு. உன் வீட்டுப் பின்பக்கம், ஷெட்டை ஒட்டி, முன்னாடி குடியிருந்தவங்க நட்ட டாஃபடில் ஒரு பாத்தி நிறைய இருக்கு. நான் பார்த்திருக்கேன். இந்த வாரக் கடைசில காத்தோட மழை வருதுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள போய், கழுத்து வளைஞ்ச மொட்டாப் பார்த்து ஒடிச்சு உள்ள கொண்டு வா. பாதியை வெளிய விட்டு வை, அதுவும் வேணும். இலையை மட்டும் தொடாதே. அசிங்கமா இருக்குன்னு முடிச்சுப் போடறது, பின்னி வைக்கறது எதுவும் வேண்டாம். பூ முடிஞ்சு ஆறு வாரத்துக்காவது அது பாட்டுக்கு நின்னு மஞ்சளாகட்டும்.